திடல் வழியாக வந்தவர்கள்

அக்டோபர் 3 – மழை 9 மி.மீ.
அக்டோபர் 11 – 14 மி.மீ.
அக்டோபர் 12 – 218 மி.மீ.

பால் சங்கத்தில் பால் அளப்பவளை ஊரில் எல்லோரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சங்கத்து மாடியில் ஒலிபெருக்கி இருந்தது. மாவட்ட அலுவலகத்திலிருந்து மழை எச்சரிக்கை வந்தால் அதை ஊருக்கு அறிவிப்பதும் அவள் வேலை. தாய் போன பிறகு தங்கையை வளர்த்து, வாத்து வளர்ப்பவன் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தவள். தனக்கென்று ஒரு கல்யாணத்தைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

முதல் இரண்டு எச்சரிக்கைகளும் பிசுபிசுத்துப் போயின. பள்ளத்தெருக்காரர்கள் மூட்டை முடிச்சுகளை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குச் சுமந்துபோய், திரும்பச் சுமந்து வந்தார்கள்.

“என்னக்கா, உங்க வெள்ளம் என் வாத்துக்கு முட்டி அளவுகூட வரலையே!” என்றான் தங்கை புருஷன்.

“வராட்டி சந்தோஷப்படுப்பா.”

“வாத்துங்க ஏமாந்துபோச்சே!”

பன்னிரண்டாம் தேதி பகலில் இரண்டு எச்சரிக்கைகள் சேர்ந்தாற்போல் வந்தன. ஒன்று இடி மின்னல், மற்றொன்று வெள்ளம். அவள் அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

“சார், ஒண்ணு வெளிய வராதேங்குது, இன்னொண்ணு வீட்டை விட்டு ஓடுங்குது. எதைச் சொல்ல?”

“ரெண்டையும் சொல்லும்மா.” போன் துண்டிக்கப்பட்டது.

ஏற்கெனவே இரண்டு முறை ஏமாந்தவர்கள். இடி என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் ஒருவரும் வாசற்படி தாண்டமாட்டார்கள். அவள் வெள்ளத்தை மட்டும் சொன்னாள். சொல்லும்போது குரல் நடுங்கியது.

அந்த நடுக்கத்தைக் கேட்டு முதலில் கிளம்பியவன் தங்கை புருஷன்தான். “அக்கா குரலே சரியில்ல, கிளம்பு” என்று மனைவியை முன்னால் அனுப்பிவிட்டு, பாத்திர மூட்டையோடு பின்னால் வந்தான். பள்ளிக்கூடத்துக்குத் திடல் வழிதான் குறுக்குவழி. தங்கை பள்ளிப் படியேறித் திரும்பிப் பார்த்தபோது, திடலின் நடுவில் மின்னல் இறங்கியது.

சாயங்காலம் பள்ளத்தெருவில் கூரை விளிம்பைத் தண்ணீர் தொட்டது. தெருவில் அப்போது ஓர் ஆள்கூட இல்லை. இறந்தது அவன் ஒருவன்தான்.

அலுவலகம் விளக்கம் கேட்டு எழுதியது. அவள் ஒன்றையும் மறைக்காமல் பதில் எழுதினாள். சில மாதங்கள் கழித்து, அவள் மேல் தவறில்லை, பலர் உயிர் பிழைக்க அவளே காரணம் என்று கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். காரியம் முடிந்த நாளிலிருந்து தங்கை பேசியதில்லை.

தங்கை அதைக் கையில் வாங்கவில்லை.

“இடி வருதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்டி.”

“சொல்லியிருந்தா திடல்ல இறங்காம சுவரோரமா சுத்தி வந்திருப்பாரு.”

“சொல்லியிருந்தா கிளம்பியே இருக்கமாட்டீங்களோன்னு…”

“அதை நாங்கதானேக்கா முடிவு பண்ணணும்?”

மைக்கக்கா கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டாள். வெளியே வந்தாள். தங்கை கதவைச் சாத்திக்கொண்டாள்.

அலுவலகத்திலிருந்து இதைப் பற்றிப் பிறகு கடிதம் ஒன்றும் வரவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த தேதி மார்ச் 9.