அக்கா எங்கே என்று கேட்டவள்

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையில் இருந்த ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஐந்து வருடம் டீச்சராக இருந்தேன். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள். பாடம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மணி கோப்பது, படம் பார்ப்பது, பாடுவது, இடையிடையே மூக்கைத் துடைத்துவிடுவது.

ஒரு ஆடி மாதம் அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவளுக்கு ஐந்தரை வயது, இளையவளுக்கு மூன்று. அம்மா இறந்துவிட்டாள். அப்பா இரண்டு பேரையும் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பன்னைக் கொடுத்து, “செத்த நேரத்துல வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். பிள்ளைகள் பொழுது சாயும்வரை பெஞ்சைவிட்டு இறங்கவே இல்லை என்று அவர்களுடைய ஃபைலில் எழுதியிருந்தது.

இளையவள் பேசமாட்டாள். தாகமெடுத்தால் அக்காவின் பாவாடையை இழுப்பாள். “அவளுக்குத் தண்ணி வேணுமாம் டீச்சர்” என்று மூத்தவள் சொல்வாள். நான் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து மணி கோக்கச் சொல்வேன். மார்கழியில் ஒருநாள் இளையவள் ஒரு மணியைத் தூக்கிக் காட்டி, “பச்ச” என்றாள். அதன்பிறகு ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

தை பிறந்ததும் மூத்தவளுக்கு ஆறு வயது முடிந்தது. ஆறு முடிந்த பெண்பிள்ளைகள் பழனிப் பக்கம் வேறொரு காப்பகத்துக்குப் போக வேண்டும். வருடம் முடியட்டும், இப்போதுதான் சின்னவளுக்குப் பேச்சு வருகிறது என்று பொறுப்பாளரிடம் கெஞ்சினேன். அவர் மேலிடத்தில் கேட்டும் பார்த்தார். நடக்கவில்லை. சின்னவள் மதியம் தூங்கும்போது அனுப்பிவிடலாம், முழித்திருந்தால் அழுகைதான் மிஞ்சும் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

வண்டியில் ஏறுமுன் மூத்தவள் என்னிடம், “அவ எந்திரிச்சா என்ன சொல்வீங்க?” என்று கேட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

சின்னவள் எழுந்து அறை முழுக்கத் தேடினாள். பிறகு என்னிடம் வந்து, “அக்கா எங்க?” என்றாள். அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. மாதக்கணக்கில் நான் காத்திருந்ததும் அதற்குத்தான்.

“நாளைக்கு வருவா” என்றேன்.

மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்படியில் போய் உட்கார்ந்தாள். வகுப்புக்கு வரவில்லை. அடுத்த நாளும் அப்படியே. நான்காம் நாள் சமையல்கார அம்மா என்னைக் கூப்பிட்டு, “பிள்ளைட்ட ஏன் டீச்சர் அப்படிச் சொன்னீக? அது அங்கனயேதான கெடக்கு” என்றார். அந்த அப்பன் சொல்லிவிட்டுப் போனதற்கும் நான் சொன்னதற்கும் என்ன வித்தியாசம் என்று அப்போதுதான் உறைத்தது.

வாசல்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். அக்கா வேறொரு வீட்டில் இருக்கிறாள், எப்போது வருவாள் என்று எனக்குத் தெரியாது, அன்றைக்கு நான் சொன்னது பொய் என்றேன். அவள் அழவில்லை. எழுந்து வகுப்புக்கு வந்தாள். ஆனால் வந்த பேச்சு நின்றுபோனது.

அக்காவைப் பார்க்க அனுமதி கேட்டு மனுமேல் மனு எழுதி, ஐந்து மாதம் கழித்துக் கிடைத்தது. நானே பஸ்ஸில் கூட்டிப்போனேன். மூத்தவளுக்குத் தலைமுடியைக் கிராப்பு வெட்டியிருந்தார்கள். பேச்சுகூட அந்தப் பக்கத்துப் பேச்சாக மாறியிருந்தது. தங்கச்சி என்று ஓடிவந்தாள். சின்னவள் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“என்னைய மறந்துட்டாளாங்க டீச்சர்?” என்று மூத்தவள் கேட்டாள்.

மறக்கவில்லை, பஸ்ஸில் வந்த களைப்பு என்றேன். ஒரு மணி நேரம் தந்திருந்தார்கள். அதில் முக்கால்வாசி சின்னவள் கிட்டவே போகவில்லை. கிளம்பும்போதுதான் ஓடிப்போய் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்தது நான்தான்.

அதற்குப்பிறகு போகவில்லை. அடுத்த அனுமதி வருமுன் யாரோ ஒரு மாமா வந்து மூத்தவளை அழைத்துப்போய்விட்டார். ஒருத்தியை வளர்க்கத்தான் தெம்பிருக்கிறது என்று எழுதிக்கொடுத்தாராம். எந்த ஊர் என்பதை எங்களுக்குச் சொல்லவில்லை.

சின்னவள் மெல்ல மெல்ல எழுத்தெல்லாம் படித்துவிட்டாள். எதைக் கேட்டாலும் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வாள். அவளாக யாரிடமும் எதையும் கேட்டதில்லை. ஆறு முடிந்து அவளையும் அனுப்பும் நாளில் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டேன். எங்கே போகிறாள், அங்கே யார் இருப்பார்கள், யார் இருக்கமாட்டார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “சரி டீச்சர்” என்று பையை எடுத்துக்கொண்டாள்.