அவர் பெயரில் ஓடிய என் துடிப்பு

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். எழுத்து கோணலாக வரும். முன்னே நடந்தது பின்னே போய்விடும், சிலது மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் தங்கள் ஆளுக்குத் துணை இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு நொச்சிக்குப்பம். வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் வேன் ஓட்டினார். ஒருநாள் காலை பல் விளக்கும்போது இடது தோளைப் பிடித்துக்கொண்டு குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். கம்பெனிக்காரர்கள் அடையாறு பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

மூன்று நாள் கண்ணாடி அறையில் வைத்திருந்துவிட்டு வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியைத் துணிப்பையில் போட்டு அவர் கழுத்தில் மாட்டினார்கள். மார்பில் வில்லைகளை ஒட்டி, பெட்டியின் வயர்களை அவற்றின் மேல் ஜாக்கெட் பிரஸ் பட்டன் போல அழுத்திவிடுவார்கள். டெலிமெட்ரி (கம்பி இழுக்காமல் துடிப்பை வேறிடத்துக்கு அனுப்புவது) என்று பெயர். நடந்தாலும் படுத்தாலும் அவர் துடிப்பு நர்சுகள் அறை டி.வி.யில் பச்சைக் கோடாக ஓடும். அரித்மியா (துடிப்பு தாளம் தப்புவது) வந்தால் உடனே தெரிந்துவிடும். லிப்டைத் தாண்டினால் நர்சுகள் அறைக்குத் துடிப்பு எட்டாது, மணி அடிக்கும், போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

மறுநாளே அவர் பேச்சுவாக்கில் தாண்டிப் போய்விட்டார். மணி அடித்தது. நர்சம்மா ஓடிவந்து என்னைத்தான் பிடித்தார். “என்ன ஆயா, உன்னை எதுக்குக் கூட வெச்சிருக்கோம்?” வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

அதற்கு அடுத்த நாள் அமாவாசை. செத்துப்போன அப்பாவுக்காகக் காக்கைக்குச் சோறு வைக்காமல் அவர் ஒரு அமாவாசையும் வாயில் பருக்கை போட்டதில்லை. மூத்த பிள்ளை கையால்தான் வைக்கவேண்டும். உச்சிவேளைக்கு மகள் செல்வி வீட்டிலிருந்து இலையில் சோறு கட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

“மொட்டமாடில வெச்சிட்டு வந்துர்றேன்.”

“வேணாம்யா. மணி அடிக்கும். அந்தம்மா என்னத்தான் கத்தும்.”

“இன்னா கன்னிம்மா, என் கய்த்துல கீற பொட்டிக்கு நீ பயந்துகினு கீற!” என்று சிரித்தார். “அப்ப நீ மாட்டிக்க. உன் நெஞ்சும் அடிச்சிக்கினுதான கீது? எங்க நைனா பசியோட கீறாரு.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் செய்தேன். கட்டிலைச் சுற்றியிருந்த துணியை இழுத்துவிட்டு, மேசையிலிருந்த புது வில்லைகளை என் மார்பில் ஒட்டி, பெட்டியை என் கழுத்தில் மாட்டி, வயர்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டேன். மணி அடித்தது.

“ஆயா, வயர் கழண்டுச்சா பாரு,” என்று தங்கள் அறையிலிருந்தே குரல் கொடுத்தார் நர்சம்மா.

“ஒட்டிட்டேம்மா,” என்றேன். மணி நின்றது.

போர்வையைப் போர்த்திக்கொண்டு அவர் கட்டிலில் படுத்திருந்தேன். லிப்ட்காரர் பார்த்துவிடுவார் என்று அவர் படியேறிப் போயிருக்கிறார், மூன்று மாடி. அரைமணி கழித்துத் திரும்பி வந்தபோது சட்டை நனைந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது.

“மேல நெஞ்சு கண்டபடி அடிச்சிச்சு. கண்ணு இருட்டிக்கினு வந்து தண்ணித் தொட்டியாண்ட குந்திக்கினேன். இப்ப ஒண்ணுமில்ல.”

“டாக்டராண்ட சொல்லலாம்யா.”

“சொல்லு. இன்னும் பத்து நாள் போட்டு வெப்பாங்க. உனக்கும் டோஸ் கீது.”

மறுநாள் காலை, இடுப்பில் பேஜரோடு டாக்டர் வந்தார். தாளைப் புரட்டினார். “நேத்து முழுக்கத் துடிப்பு சீரா இருக்கு. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இடையில ஏதாவது பண்ணுச்சாம்மா?” என்று கேட்டார்.

தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்த பன்னிரண்டாம் நாள், செருப்பு மாட்டக் குனிந்தவர் எழவில்லை.

காரியம் முடிந்ததும் அந்த டாக்டரைத் தேடிப் போய், வராந்தாவில் நின்றபடியே எல்லாம் சொன்னேன். அவர் என்னை அங்கிருந்த பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

“தெரிஞ்சிருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்மா. மருந்து மாத்திப் பார்த்திருப்பேன். பொழைச்சிருப்பாரான்னு மட்டும் கேக்காதீங்க. எனக்குத் தெரியாது.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

பெட்டி யார் மார்பில் இருக்கிறதோ அவர் துடிப்பைத்தான் அது சொல்லும். மற்றதை நீங்கள்தான் வாய் திறந்து சொல்லவேண்டும். நாலு பேர் பார்ப்பார்களே என்று என்னைப்போல் இருந்துவிடாதீர்கள்.

இப்போதும் உச்சிவேளை ஆனால் என் கை தானாக மார்புக்குப் போகிறது. ஒழுங்காக அடிக்கிறது. அது நன்றாக அடிப்பதே எனக்குப் பிடிக்கவில்லை. அந்த அரைமணி நேரம் என் ஆயுளில் சேர்த்தியா, அவர் ஆயுளில் சேர்த்தியா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரித் தாளில் அவருடையதாகத்தான் இருக்கிறது.

இதை அச்சில் போடுகிறவர்களே, பெட்டியின் பெயர், நோயின் பெயர் எல்லாம் சரிதானா என்று தெரிந்தவர்களைக் கேட்டுப் போடுங்கள். எத்தனை மாடி, எத்தனை நாள் என்பதைச் செல்வியிடம் கேட்டால் சரியாகச் சொல்வாள். கேட்பதற்கு முன்னால் இதை அவளுக்குப் படிக்கக் கொடுத்துவிடுங்கள். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.