ரேடியோ கோபுரத்துக்குப் புளி

இடியை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பி வேலையில் நம்மை யாரும் பாராட்டமாட்டார்கள். இடி விழுந்தால் மட்டும் தேடி வருவார்கள். அன்று அந்தக் கம்பியைப் பிடிக்கும் கிளாம்பு என் கையோடு வந்துவிட்டது. ஒரே பச்சைக் களிம்பு. மலைப்பக்கம் மழை கறுத்துக்கொண்டு நின்றது. ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு இரும்பு தூக்கியவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

களிம்பு

பள்ளிக்கூடம் போதும் என்று நின்றவனுக்குக் கிடைத்த வேலை இது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து மேட்டில் ஜப்பான்காரன் கோபுரம் நட்டிருந்தான். அதற்கு எர்த் போட நானும் வேலு அண்ணனும். இரும்புக் காலில் செம்பை வெறுமனே கட்டினால் ஈரத்தில் இரும்பை அரித்துவிடும். செம்புக்கு ஈயம் பூசித்தான் கட்ட வேண்டும். கோப்பெங்கிலிருந்து ஈயம் வந்தது. பூசுவதற்கு முன்னால் செம்பைப் புளி போட்டுத் தேய்த்தது நான். கழுவவில்லை. மழை கழுவிக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். அந்தப் புளிதான் செம்பை அரித்துக் களிம்பாக்கிவிட்டது.

கோபுரத்தின் காலை ஒட்டி ஒரு குடிசை. ஜப்பான்காரனுக்குச் சமைக்கிற அஞ்சலை அக்கா கைக்குழந்தையோடு அதில்தான் இருந்தார். கிளாம்பை வாங்கிப் பார்த்தார்.

“என் சொம்பையே கழுவித்தான்டா கவுக்குறேன். இம்மாம் பெரிய கோபுரத்தைக் கழுவாம விட்டியா? நல்லா இருக்கு லா!”

மாக்கான்

எல்லா இணைப்பையும் பிரித்தோம். அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே தண்ணீர் சுமந்தார். ஒவ்வொன்றாகக் கழுவி, துடைத்து, ஈயம் பூசி, மேலே தாரும் பூசினோம். ரேடியோக்காரச் சிப்பாய் எட்டிப் பார்த்தான். என் வயதுதான் இருக்கும். புளி உருண்டையைக் காட்டி, “மாக்கான்?” என்றான். தின்கிற சாமானா என்று மலாயில் கேட்கிறான். கொஞ்சம் கொடுத்தேன். நக்கிவிட்டு அவன் முகம் போன போக்கில் பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்தது. அவனும் சிரித்தான். வேலு அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

“என் தம்பிய சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடிச்சு ஏத்தினப்பவும் இவனுங்க சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னானுங்க.”

கடைசிக் கிளாம்பு

குடிசைப் பக்கத்துக் கால் மட்டும் பாக்கி. அண்ணன் என் காதருகே வந்தார்.

“முடுக்காத. லூசா விட்டு மண்ணைப் போட்டு மூடு. அடுத்த இடியில ரேடியோ எரியட்டும்.”

எனக்கும் ஆசைதான். பொய் சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளையின் தொட்டில் அந்தக் காலுக்கு ஒரு கை தூரத்தில் தொங்கியது. மண்ணுக்குள் இறங்காத இடி அங்கேதான் பாயும்.

“அக்கா எங்கண்ணே போவாங்க? அடுப்ப விட்டு நகர விடமாட்டானுங்களே.”

அண்ணன் தொட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஸ்பேனரை என் காலடியில் வைத்தார்.

“முடுக்காதன்னு சொல்லிட்டேன். நான் கீழ போறேன், எனக்கு ஒண்ணும் தெரியாது.”

ஜப்பான்காரன் காலம் முழுக்க நான் ஒழுங்காகச் செய்து முடித்த ஒரே வேலை, செய்யாதே என்று அண்ணன் சொன்ன அந்த வேலைதான்.