நான் பிரித்த கறுப்புப் பொட்டலம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன் – நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் இல்லை; பி.எஸ்ஸி. படித்த, சயின்ஸ் வாத்தியார் முட்டாள்.

போன வாரம் குருபரப்பள்ளியில், முனியப்பாவின் கேழ்வரகுக் கொல்லையில் ஒரு ராட்சத பலூன் வந்து விழுந்தது. கூடவே ஒரு தகரப் பெட்டி. அதன்மேல் தமிழ், கன்னடம், தெலுங்கு, இங்கிலீஷ் நான்கிலும் 'திறக்காதீர்கள், தந்தி அடியுங்கள்' என்று எழுதியிருந்தது. எல்லைப்புறத்து ஆசாமி இல்லையா... எனக்கு நான்கும் வரும். கூடியிருந்தவர்களுக்கு நான்கையும் உரக்கப் படித்துக் காட்டினேன்.

பிறகு பெட்டியைத் திறந்தேன்.

"தொறக்க வேணாம்னுதான சார் இப்பப் படிச்சீங்க?" என்றார் முனியப்பா.

"அது உங்கள மாதிரி ஆளுங்களுக்கு. நான் சயின்ஸ் வாத்தியாருங்க."

உள்ளே கறுப்புக் காகிதப் பொட்டலம். உச்சி வெயிலில் அதையும் பிரித்தேன். வெறும் கண்ணாடித் தகடுகள். ஏமாற்றத்தோடு மூடிவைத்து, தந்தி அடித்தேன்.

மறுநாள் பெங்களூரிலிருந்து ஜீப்பில் ஒரு ஆராய்ச்சி மாணவி வந்தார். பிரிந்த காகிதத்தைப் பார்த்தவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வானத்திலிருந்து வரும் துகள்கள் தகட்டைத் துளைத்த தடம், போட்டோ பிலிமைப் போலக் கழுவினால் கோடாகத் தெரியுமாம். கோட்டை அளந்தால் ஆற்றல், ஆற்றலிலிருந்து வேகம். வெயில் பட்டால் முழுத் தகடும் கறுத்துவிடும். இரண்டு வருஷ உழைப்பு. அவருடைய டாக்டர் பட்டமே அதில்தான் இருந்தது.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். மூடினேனா?

"வேகம்தானேம்மா? ஆற்றலைச் சொல்லுங்க, நான் போட்டுத் தரேன்."

அவர் சலிப்போடு ஓர் உதாரணம் சொன்னார். ஒரு புரோட்டான், சும்மா நிற்கும்போது இருப்பதைப் போலப் பத்து மடங்கு மொத்த ஆற்றல். நான் வகுப்பில் நடத்துகிற பழைய சூத்திரத்தைப் போட்டேன். விடை, ஒளியின் வேகத்தைப் போல நாலு மடங்குக்கும் மேல்.

"ஒளிய எதுவும் முந்தாது சார். பத்தோட வர்க்கம் நூறு. ஒண்ணுலேர்ந்து நூத்துல ஒரு பங்கக் கழிச்சு வர்க்கமூலம் எடுங்க."

எடுத்தேன். ஒளியின் வேகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதரை. எவ்வளவு ஆற்றலைக் கொட்டினாலும் ஒளியை எட்ட ஒரு துளி பாக்கி நிற்குமாம். இந்தப் பிரபஞ்சத்தில் அவசரத்துக்குக்கூட ஓர் எல்லை இருக்கிறது – என் கைகளுக்குத்தான் இல்லை.

ஜீப்பில் ஏறும்போது மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். அத்தோடு விட்டேனா?

"அந்தத் தகட்டுல என்னம்மா இருந்திருக்கும்?"

"அதப் பார்க்கத்தான் சார் வந்தேன்."