ஒரே சிவப்புத் தாளில் சுற்றிய பரிசுகள்

இந்த டிசம்பரிலாவது டென்ஷன் இல்லாமல் இருக்கலாம் என்று, கிறிஸ்துமஸ் பரிசுகளை எல்லாம் நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் லீவிலேயே வாங்கி, ஒரே சிவப்புத் தாளில் சுற்றி அடுக்கிவிட்டேன். பெயர் எழுதவில்லை. எது யாருக்கு என்று எனக்குத் தெரியாதா என்ன?

இன்று காலை மகளின் ஸ்கூல் பஸ்ஸின் அமெரிக்க டிரைவரிடம் ஒரு பெட்டியை நீட்டினேன்.

நம் ஆட்கள் என்றால் வீட்டுக்குப் போய்த்தான் பிரிப்பார்கள். இவர் அங்கேயே பிரித்துவிட்டார்.

உள்ளே பித்தளைக் குங்குமச்சிமிழ்!

மனிதருக்கு ஒரே சந்தோஷம். உப்பு போட்டு வைக்கலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன்.

பஸ் படியில் நின்ற மகள், "அம்மா, யூ ஆர் சோ ஆர்கனைஸ்ட்!" என்றாள்.

அப்படியென்றால் டிரைவருக்கு வாங்கிய கையுறை? நேற்றே பக்கத்து அபார்ட்மென்ட் ஆன்ட்டியிடம் போய்விட்டது.

உடனே ஃபோன் செய்தேன்.

"ஆன்ட்டி, நான் கொடுத்த கிஃப்ட்டைப் பிரிச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா..."

"அப்ப இப்பவே வந்து மாத்திக் கொடுத்துடறேன்."

"இப்பவா? அது வந்து... பத்திரமா எங்கயோ வெச்சிருக்கேன்மா."

புரிந்துவிட்டது.

எங்கள் ஊர் பிளெய்ன்ஸ்பரோ மக்களே, இந்த வாரம் யாராவது உங்களுக்குச் சிவப்புத் தாள் சுற்றிய ஆம்பளைக் கையுறை கொடுத்தால், நன்றியை எனக்குச் சொல்லுங்கள்.