நான் திருடிய பதினோரு நோன்பு

எனக்கு மூட்டுவாதம் வந்து அது ஆறாவது வருஷம். எழுபதுகளின் நடுப்பகுதி. ஏற்காடு கடைவீதிக்குப் பின்னால், சரிவில் இருந்த ஓட்டு வீட்டில் நாங்கள் மூன்று பேர். கடைவீதியில் சின்னதாக மளிகைக் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர், பதினோரு வயது மகள், நான். எனக்கு அப்போது முப்பத்திநாலு. காலையில் கண் விழித்தால் பத்து மணி வரைக்கும் விரல் மடங்காது. விரல் மடங்காத பொம்பளை வீட்டில் செய்யக்கூடிய வேலை ஒன்றே ஒன்றுதான், மற்றவர்களை ஏவுவது. அதை நான் குறையில்லாமல் செய்தேன்.

அடுப்பைத் தணி, கொடியில் இருக்கிற துணியை எடு, கதவைச் சாத்து, பனி உள்ளே வருகிறது. நாள் முழுக்க என் வாய் ஓயாது. அவர் எனக்குத் தலை வாரிவிடுவார். வகிடு ஒரு நாளும் நேராக வந்ததில்லை. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நாகலூர் ரோடு கூட இத்தனை வளைஞ்சிருக்காதுங்க" என்பேன். "உன் தலை கோணல் புள்ள, நான் என்ன பண்ணட்டும்" என்பார். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். இதையெல்லாம் இப்போது சொல்லும்போது நான் ஏதோ அழுதுகொண்டே கிடந்த மாதிரி யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமே கிடையாது. எனக்குப் பொறுக்காதது வலி கூட இல்லை. எல்லாமே எனக்குச் செய்யப்படுகிறதே, நான் செய்கிறது என்று ஒன்றுமில்லையே, அதுதான்.

அந்த வருஷம் நோன்பு மழை மாதத்தில் வந்தது. சேலத்து டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மாத்திரை மூன்று வேளை, வயிற்றில் சோறு இருக்கும்போதுதான் போட வேண்டும், நோன்பு கீன்பு என்று கிளம்பினால் இருக்கிற நடையும் போய்விடும் என்று. மலைப்பாதையின் இருபது வளைவும் ஏறி வாந்தியெடுத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம். என் வீட்டுக்காரர் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டார். தீராத நோயாளிக்கு நோன்பு கடமை இல்லை, விடுகிற ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு வயிறாரச் சோறு போட்டால் போதும் என்று அவரும் சொல்லி அனுப்பினார். ரெண்டு பேரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவி உளூ செய்யக் கூட யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும். தொழுகையையும் குனிய முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்துதான் தொழுகிறேன். மிச்சம் இருந்தது நோன்பு ஒன்று. அதற்குக் கை வேண்டாம், கால் வேண்டாம், சும்மா இருந்தால் போதும். அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

மகளுக்கு அந்த வருஷம் முப்பதையும் பிடித்துவிட வேண்டும் என்று வெறி. அவள் ஓதப்போகும் இடத்தில், முழு மாதமும் நோன்பு பிடித்த பிள்ளைகளைப் பெருநாளுக்கு முந்தின நாள் பேர் சொல்லிக் கூப்பிட்டு எல்லோருக்கும் முன்னால் நிற்க வைத்து துஆ செய்வார்கள். போன வருஷம் இருபத்தியேழில் காய்ச்சல் வந்து விட்டுப்போயிற்று. ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் நடக்கும்போது கூட மழைத்தண்ணி வாயில் தெறித்துவிடுமோ என்று உதட்டை இறுக்கிக்கொண்டுதான் நடந்தாள்.

எனக்கு வேண்டிய சோற்றை அவளும் அவருமாக நோன்பு வைத்த பிறகு, விடிந்ததும் ஆக்கி வைத்துவிடுவார்கள். காலைக்கு ரெண்டு பன்னும் மாத்திரையும் தலைமாட்டில் இருக்கும். மத்தியானம் அவள் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓடி வருவாள். கையைக் கழுவி, சோற்றைப் பிசைந்து, உருட்டி, என் வாயில் ஊட்டுவாள். முதல் நோன்பு, ரெண்டாவது நோன்பு, மூன்றாவது நோன்பு. மூன்றாம் நாள் கத்தரிக்காய்க் குழம்பு, அவளுக்கு உயிர். பிசைகிறபோது அவள் தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்துவிட்டேன். ஒரு பச்சைப் பிள்ளை பசியோடு உட்கார்ந்து எனக்கு ஊட்டுகிறது, நான் மாடு மாதிரி மென்றுகொண்டிருக்கிறேன். அந்தக் கவளம் எனக்கு உள்ளே இறங்கவே இல்லை.

"நாளையிலிருந்து வராத கண்ணு. மழையில நனையற. மத்தியானத்துக்கு வெரலு கொஞ்சம் மடங்குது, கரண்டியில நானே சாப்பிட்டுக்கறேன்" என்றேன்.

"நெசமாலுமா?"

"உங்கம்மா பொய் சொல்லுவாளா?"

மறுநாளே சொன்னேன், பொய்யை. அன்றைக்கு நான் ஒன்றும் சாப்பிடவில்லை. மாத்திரையைப் பழந்துணியில் முடிந்து பாய்க்கு அடியில் தள்ளினேன். மத்தியானச் சோறு அப்படியே இருந்தது. அந்த நேரத்துக்குத்தான் கரடியூர்ப் பக்கத்தில் இருந்து கொய்யாவும் அவரைக்காயும் கூடையில் கொண்டுவரும் பெண் வந்தாள். என் வயசுதான் இருக்கும். காட்டு வேலை செய்து இறுகிய கை, எத்தனை பாரத்தையும் ஒரே தூக்காகத் தூக்குவாள். தட்டை அவள் பக்கம் தள்ளினேன்.

"ஏனுங்கக்கா, நீங்க உண்ணலீங்களா?"

"நான் அப்பவே சாப்பிட்டாச்சு. நீ சாப்பிடு."

உட்கார்ந்து சாப்பிட்டாள். பன்னைத் தன் பிள்ளைக்கு என்று முந்தானையில் முடிந்துகொண்டாள். என் மூளை எப்படி வேலை செய்தது பாருங்கள். நோன்பும் பிடித்தாயிற்று, ஹஜ்ரத் சொன்ன மாதிரி ஏழைக்குச் சோறும் போட்டாயிற்று, அல்லாஹ் எந்தப் பக்கம் பார்த்தாலும் என்மேல் குற்றம் சொல்ல முடியாது. எனக்குள்ளே சிரித்துக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அவள்தான் வந்து சாப்பிட்டுப் போனாள்.

அந்தப் பதினோரு நாளைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. சாயங்காலம் பனி இறங்கி ஏரிப்பக்கம் ஒன்றுமே தெரியாமல் போகும். அவர் பள்ளிவாசலில் இருந்து தூக்கில் கஞ்சி வாங்கி வருவார். மூன்று பேரும் விரிப்பில் உட்கார்ந்து பாங்குக்குக் காத்திருப்போம். அவர்கள் ரெண்டு பேரும் நான் சும்மா கூட உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். என் நாக்கும் வறண்டுதான் கிடந்தது, என் வயிறும் காந்திக்கொண்டுதான் இருந்தது. ஆறு வருஷமாக இந்த உடம்பில் எது வந்தாலும் தானாக வந்தது, என்னைக் கேட்காமல் வந்தது. பசியை மட்டும் நானே வரவழைத்தேன். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை மகள் முதலில் என் வாயில் வைப்பாள், சின்னப்பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி. அந்தப் பழத்தின் ருசி அதற்கு முன்னும் பின்னும் எனக்குக் கிடைத்ததில்லை. எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. முழங்கால் நாளுக்கு நாள் வீங்கிக்கொண்டு வந்ததையும் சேலையால் மூடிக்கொண்டேன்.

கஞ்சி குடித்து முடித்ததும் மகள் தினமும் ஒரு கேள்வி கேட்பாள். நோன்போடு சமைப்பதால் அவளால் உப்பு பார்க்க முடியாது. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டாள்.

"ம்மா, இன்னைக்கு உப்பு சரியா இருந்துச்சா?"

"கணக்கா இருந்துச்சு கண்ணு."

பதினாலாம் நோன்பன்றும் கேட்டாள். அதே பதிலைத்தான் சொன்னேன்.

பதினைந்தாம் நாள் காலையில் என்னால் எழவே முடியவில்லை. முழங்கால் ரெண்டும் பூசணிக்காய் மாதிரி இருந்தன. தோளில் இருந்து கை வரைக்கும் ஒன்றும் அசையவில்லை. மழைக்காலம், அப்படித்தான் இருக்கும் என்று அவரைச் சமாதானம் செய்து கடைக்கு அனுப்பினேன். அவருக்கு மனசு கேட்காமல், மகளிடம் பள்ளிக்கூடத்தில் இருந்து மத்தியானம் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். அது எனக்குத் தெரியாது.

அவள் வந்தபோது கூடைக்காரி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே பாயில் கிடந்தேன். தட்டை எடுத்துக் கொடுக்க முடியாமல், நீயே எடுத்துப் போட்டுக்கொள் என்று அப்போதுதான் சொல்லியிருந்தேன். பேசுவதெல்லாம் எனக்குக் கேட்டது.

"வந்துட்டியா சாமி. அம்மாவுக்கு இன்னைக்கு நொம்ப முடியலை போல. ஏங் கண்ணு, சோறு நீதான் ஆக்கறியாமா?"

"ஆமாங்க. ஏனுங்க?"

"நல்லாத்தான் ஆக்கற. நேத்து மட்டும் கொழம்புல உப்பு வாயில வெக்க முடியலை. ஊட்டுல ரெண்டு பேரும் ஆளுக்கொருக்கா போட்டுட்டீங்களாட்டம் இருக்குது. நானும் தண்ணிய ஊத்தி ஊத்தித்தான் தின்னேன்."



"நீங்க எதுக்குங்க சாப்பிட்டீங்க?" என்றாள் என் மகள்.

"நாந்தானே தெனமும் சாப்படறேன் கண்ணு" என்றாள் அந்தப் புண்ணியவதி, ஒரு வஞ்சமும் இல்லாமல்.

மகள் உள்ளே வந்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன், வாய் என்னிடம் இருந்ததே. பாயைத் தூக்கிப் பார்த்தாள். துணி முடிச்சை அவிழ்த்து உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டு, மறுபடி முடிந்து ஓரமாக வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, சோற்றைப் போட்டுப் பிசைந்து, உருட்டி என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"பொழுது சாயற வரைக்கும் பொறு கண்ணு. இன்னைக்கு ஒரு நாள்தான். நாளைக்குச் சாப்படறேன். உங்க அத்தாகிட்டச் சொல்லாத."

"வாயைத் தொறம்மா."

"உனக்குப் புரியாது. எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாலு நோன்பு பிடித்த உதடு வெடித்துப்போயிருந்தது. அப்புறம் அந்தக் கவளத்தைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். வேண்டாம் என்று கத்தினேன். அவள் கையைப் பிடித்துத் தடுத்துவிட வேண்டும் என்று என் கையைத் தூக்கினேன். அது தரையை விட்டு எழவில்லை. ஒரு சாண் தூரத்தில், என் கண்ணுக்கு முன்னால், என் பிள்ளை தன் நோன்பை மென்று விழுங்கினாள்.

"எனக்கும் இல்ல இப்ப" என்றாள். அழக்கூட இல்லை.

அடுத்த கவளத்தை உருட்டி நீட்டினாள். நான் வாயைத் திறந்தேன்.