கம்பிக்குள் ஒரு கை

புதுப்பட்டினத்தில் நாங்கள் வீடு கட்டியிருந்த புறம்போக்கு மனைக்குப் பட்டா தர அரசாங்கம் சம்மதித்தது. மனையின் விலையைச் செங்கல்பட்டு கருவூலத்தில் கட்ட அன்றுதான் கடைசி நாள். தவறினால் மனை கைவிட்டுப் போய்விடும். வரிசையில் ஏழாவது ஆளாக நின்றேன். எனக்குப் பின்னால் கருவாட்டு வியாபாரி ஒருவர், பாய். முந்திவிடுவாரோ என்று முழங்கையை அகட்டியே நின்றேன்.

என் முறை வந்ததும் குமாஸ்தா சலானைத் திருப்பித் தள்ளினார். "தாசில்தார் கையெழுத்து எங்கய்யா? ரெண்டு மணிக்கு மூடிடுவேன்."

அதை முதலில் வாங்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

"ஓடு பெரிசு, நான் பாத்துக்கிறேன்" என்றார் பாய்.

தாலுகா ஆபீசில் கையெழுத்து கிடைத்தபோது இரண்டு மணிக்கு இன்னும் எட்டே நிமிடம். வழியில் செருப்பு அறுந்தது. கையில் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கருவூலத்தில் வரிசையே இல்லை. பாய் மட்டும் கவுண்டர் கம்பிக்குள் கையை விட்டு நின்றார்.

"கையை எடு பாய், மூடணும்!"

"என் துட்ட வாங்காம எப்டி மூடுவ?"

"அப்ப கட்டித் தொலையேன்!"

"எனக்கு முன்னால ஒரு பெரிசு கீது. அது கட்டட்டும். தோ, செருப்பத் தூக்கிகினு வருது பாரு!"

குமாஸ்தாவே சிரித்துவிட்டார். வரிசையில் நிற்பவர் கட்டி முடிக்காமல் கவுண்டரை மூட மாட்டார்கள். அதற்காகவே பாய் தன் பின்னால் நின்ற அத்தனை பேரையும் முன்னே விட்டுவிட்டுக் காத்திருந்தார்.

ரசீது வந்தது. மனை எங்களுடையது! அந்த வராந்தாவிலேயே கூவ வேண்டும் போலிருந்தது.

இப்போதெல்லாம் எந்த வரிசையில் நின்றாலும் முதலில் திரும்பி, பின்னால் இருப்பவரிடம் என்ன வேலையாக வந்தார் என்று விசாரித்துக்கொள்கிறேன்.